சுவர்க்காரிக்குத் தண்ணி காட்டிய கதை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் சில்வண்டு எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வலிக்கும் உங்கள் தோள் இப்போது தேவலையா? கடையில் கூட்டம் எப்படி?

எனக்கு மூன்றாவது மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவுக்கு நடந்தே போய்விடலாம். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஒருவரை உட்கார வைத்து, வெளியிலிருந்து நான் ஒவ்வொரு சத்தமாக அனுப்ப வேண்டும். அவருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று குறிக்க வேண்டும். வேலை பிடித்திருக்கிறது.

மனசில் இருப்பதையும் கொட்டிவிடுகிறேன். கிளம்பிய அன்று நீங்கள் தெருவில் டாக்சியை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் முன்னறையில் கை கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, "அண்ணா, போயிட்டு வரேன்" என்றேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இவ்வளவு தூரம் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். அதற்காக, அப்பா அம்மா இல்லாத என்னைத் தூக்கி வளர்த்தவர், "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இங்கே வந்ததும் போன் செய்தேன். "யாரு? யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இனி போன் செய்வதாக இல்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரே ஒரு உதவி. என் அறைக்குப் பின்பக்கச் சுவரில், காரை உதிர்ந்த செங்கல் இடுக்கில் உட்கார்ந்திருக்கிறாளே என் சுவர்க்காரி, அந்தக் குட்டிப் பெரணிச் செடி, அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மண் வேண்டாம், உரம் வேண்டாம், பிடுங்கித் தொட்டியில் வைக்கவே வேண்டாம். பழைய சுண்ணாம்புதான் அவளுக்குச் சோறு. வாடினால் தண்ணி காட்டுங்கள். அந்தச் சுவரைச் சிமெண்ட் பூசி மூட அண்ணன் வருஷா வருஷம் துடிப்பார். பூசினால் அவள் செத்துப்போவாள். விட்டுவிடாதீர்கள் அண்ணி.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அண்ணனையும் சாப்பிட வையுங்கள்.

பிரியமுள்ள,
சில்வண்டு


ஜூன் 21

அன்புச் சில்வண்டுக்கு,

உன் அண்ணி. நான் சௌக்கியம், உன் அண்ணனும் சௌக்கியம். தோள் வலி அப்படியே இருக்கிறது. அது என்னைக் கட்டிக்கொண்டு வந்தது, போகாது. நீ அங்கே பசிக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்கிறாயா?

நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ உன் அண்ணன் டிவியை அலற விடுகிறார். பக்கத்து வீட்டுக்காரி செய்தி கேட்பதற்குத் தன் வீட்டு டிவியைப் போடுவதே இல்லையாம். அவளுக்குக் கரண்ட் மிச்சம்.

உன் சுவர்க்காரியைப் பற்றிக் கவலையே வேண்டாம். "அவ செடிப் பக்கமே போகாதே" என்று உன் அண்ணன் முதல் நாளே முறைத்துக்கொண்டு சொன்னார். நான் விடுவேனா? அவர் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதும் ஒரு தடவை, அவர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, தவறாமல் தண்ணி காட்டுகிறேன். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாசலில் நடந்ததைப் பற்றி அவரிடம் இன்னும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை. நேரம் பார்த்துக் கேட்கிறேன்.

போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் அண்ணி


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். பிஸ்கட் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

சுவர்க்காரிக்கு நீங்கள் கிடைத்தது அவள் செய்த புண்ணியம். அவள் மெதுவாகத்தான் வளருவாள், அவசரப்படாதீர்கள். நான் அவளை முதலில் பார்த்தபோது சுண்டுவிரல் நீளம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு சாண்கூட வரவில்லை. ஆனாலும் அந்தச் சுவரில் வேறு எதுவும் நிற்காத இடத்தில் அவள் நிற்கிறாள்.

நேற்று ஒரு தச்சர் வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. என் பொண்டாட்டிதான் இப்பல்லாம் முணுமுணுன்னு பேசுறா. அவளுக்கு ஏதாவது மருந்து இருந்தா குடு" என்றார். அந்த அம்மாள் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். இங்கே வருகிற பாதிப் பேர் இப்படித்தான் அண்ணி. தனக்குக் கேட்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை, உலகம் முணுமுணுக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். அவருக்குக் காது மெஷின் பொருத்தியதும் முதலில் கேட்டது தன் செருப்புச் சத்தம்தானாம். குனிந்து குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே போனார்.

அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால் பொய் சொல்ல வேண்டாம். அந்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள், நான் புரிந்துகொள்வேன்.

பிரியமுள்ள,
சில்வண்டு


ஆகஸ்ட் 9

அன்புச் சில்வண்டுக்கு,

சௌக்கியம்தானே? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

முதலில் உன் சுவர்க்காரி. இலைக்கு அடியில் பழுப்பாகக் கோடு கோடாக ஏதோ அப்பியிருந்தது. பூச்சி முட்டை! விடுவேனா, பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து ஒன்று விடாமல் தேய்த்துத் துடைத்துவிட்டேன். இப்போது பளிச்சென்று இருக்கிறாள்.

அடுத்து வீட்டுக் கலவரம். உன் அறையின் உள்சுவர் ஈரம் ஊறி ஓதம் கண்டுவிட்டது. உன் கட்டிலுக்கு மேலே முதலில் தட்டு அகலத்துக்கு இருந்தது, இப்போது கதவு அகலத்துக்கு வந்துவிட்டது. மாடிக்குப் போகிற குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது இல்லையா? அது ஒழுகுகிறது என்கிறார் உன் அண்ணன். உனக்குத்தான் தெரியுமே, இந்த வட்டாரத்துக் குழாய்க்காரர்களில் உன் அண்ணனுக்குப் பாம்புச்செவி என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, ஒழுகும் இடத்தை விரல் வைத்துச் சொல்லுவார். அப்படிப்பட்டவர் இந்தச் சுவரில் நாள் கணக்காகக் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒன்றும் கேட்கவில்லையாம். இரண்டு இடத்தில் உடைத்தும் பார்த்துவிட்டார். குழாய் நன்றாக இருக்கிறது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. "அவதான் சொல்லாமக் கொள்ளாமப் போனா. இந்தச் சுவரும் வாயத் தொறக்க மாட்டேங்குது. எல்லாரும் இப்ப வாய்க்குள்ளயே பேசப் பழகிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு உன் கட்டிலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. உன்னைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் வேண்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் போனேனா? நானா? மூன்று தடவை சொன்னேன் அண்ணி! அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்த முதுகு அசையவில்லை. திரும்பிப் பார்க்காதது போதாது என்று இப்போது பழியையும் என் மேல் போடுகிறாரா? அண்ணன் கோபக்காரர் என்று தெரியும், பொய் சொல்லுவார் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

இனிமேல் அவரைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். சுவர்க்காரியைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

அது பூச்சி முட்டை இல்லை. அதுதான் அவளுடைய வித்து. பெரணிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. இலைக்கு அடியில் இருக்கிற அந்தப் பழுப்புத் தூள் காற்றில் பறந்து இன்னொரு சுவர் இடுக்கில் போய் விழுந்தால்தான் அவள் வம்சம் தழைக்கும். பிரஷ்ஷைத் தூரப் போடுங்கள். உங்கள் மேல் கோபமில்லை.

சில்வண்டு


செப்டம்பர் 28

அன்புச் சில்வண்டுக்கு,

நீ சொன்னபடி சுவர்க்காரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவள் உடம்பு சரியில்லை. இலை மஞ்சளாகிவிட்டது. அடியில் கறுத்து, தொட்டால் கையோடு வருகிறது. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி என்று ஊற்றியும் வாடுகிறாளே என்று இப்போது மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்தும் ஒரு வாளி ஊற்றுகிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் கொத்தனார் வருகிறார். அந்தச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசச் சொல்லியாகிவிட்டது. என்னால் தடுக்க முடியவில்லை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். வாளியா? வாளியிலா ஊற்றினீர்கள்? ஐயோ அண்ணி! தண்ணி காட்டுங்கள் என்றால் காட்டத்தானே சொன்னேன்! வாடினால் கையை நனைத்து நாலு சொட்டுத் தெளிக்க வேண்டும், நீங்கள் கடையில் துணிக்குத் தெளிப்பீர்களே, அதுபோல. அவ்வளவுதான். முதலிலேயே விளக்கமாக எழுதாதது என் தப்பு. உடனே நிறுத்துங்கள். அவள் காய்ந்து சருகானாலும் பயப்படாதீர்கள். பட்டுப்போனது போலச் சுருண்டு கிடந்துவிட்டுத் திரும்பவும் துளிர்க்கிற சாதி அது.

என் அறையின் ஓதம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் வாளி வாளியாக ஊற்றுகிறீர்கள், இந்தப் பக்கம் அண்ணன் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு ஒழுகலைத் தேடுகிறார். ஒரு குழாய்க்காரரை அவர் பொண்டாட்டி இப்படி ஏமாற்றியதை நான் கேள்விப்பட்டதே இல்லை. நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரி வந்து என்ன என்று கேட்டாள்.

சிரித்து முடித்ததும் ஒன்று தோன்றியது, அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. பழைய அண்ணன் என்றால் சுவரில் காதை வைத்ததுமே, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லியிருப்பாரே. செங்கல்லுக்குள் தண்ணீர் ஊறுகிற சத்தமே அவருக்குக் கேட்குமே.

அண்ணி, உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். டிவியை அலற விடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் வாய்க்குள் பேசுகிறார்கள் என்று அவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். போனில் என் குரலைக் கேட்டு "யாரு, யாரு" என்றார். தச்சர் கதையை உங்களுக்கு எழுதியவளே நான்தான். தன் இமையின் குற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். ஊரார் காதையெல்லாம் பார்க்கிறவளுக்கு வீட்டுக் காது தெரியவில்லை.

எனக்கு உண்மையைச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காமல் பின்னால் நின்று கூப்பிட்டால் அவர் திரும்புகிறாரா?

சில்வண்டு


அக்டோபர் 16

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒரு சட்டையைத் தீய்த்தேன்.

நீ கேட்டதைச் செய்து பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், "புதுசா ஒரு பீரோ வாங்கப் போறேன்" என்றேன். பக்கத்தைப் புரட்டினார். "கண்ணாடி வச்ச பீரோ" என்றேன். இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். ஒரு கரண்டி வாங்கினாலே ஏன் எதற்கு என்று கேட்கிற மனுஷன்! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. செப்டம்பரில் ஒரு வீட்டில் ஒழுகல் பார்க்கப் போனவர், தப்பான சுவரை உடைத்துவிட்டார். புதுச் சுவர், புது ஓடு. அந்த வீட்டுக்காரர் எல்லார் எதிரிலும் பேசிவிட்டார். அன்றிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார், ஆனால் வேலைக்குப் போவதில்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுதாதே என்று நீ சொல்லியிருந்தாய், நான் எழுதவில்லை.

காது டாக்டரிடம் போகலாம் என்று மெதுவாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னதால் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். "எனக்கு என்ன கேடு? நீங்கதான் ஒழுங்காப் பேச மாட்டேங்கிறீங்க" என்று எழுந்து போய்விட்டார்.

வாளி விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குழாய்க்காரனுக்கே தண்ணி காட்டினவள் என்று ஊர் சிரிப்பது இருக்கட்டும். அவர் நொந்து கிடக்கிற நேரத்தில் நானும் ஏமாற்றினேன் என்று ஆகிவிடக் கூடாது. இந்த மாதக் கடைசியில் கொத்தனார் வருகிறார். நீயே அவருக்கு எழுது. உன் எழுத்து என்றால் படிப்பார். படிக்காத மாதிரி நடித்தாலும் படிப்பார்.

உன் அண்ணி


அக்டோபர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சில்வண்டு வணக்கம் சொல்கிறாள். உடம்பு எப்படி இருக்கிறது?

என் அறைச் சுவரில் நீங்கள் காதை வைத்துக் கேட்டபோது ஒன்றும் கேட்கவில்லையாமே. கேட்காதது சரிதான். அந்தக் குழாயில் ஒழுகல் இல்லை. ஓதம் அண்ணி ஊற்றிய தண்ணீர். நான் தண்ணி காட்டச் சொன்னதை அவர் வாளியால் காட்டிவிட்டார். என் செடி மேல் வைத்த பாசம்தான், வேறு ஒன்றும் இல்லை. அண்ணியைத் திட்டினால் நான் உங்களிடம் பேச மாட்டேன். இப்போதும் பேசவில்லைதான், இன்னும் பேச மாட்டேன்.

ஆனால் கேட்டிருக்க வேண்டிய இன்னொன்று உங்களுக்குக் கேட்கவில்லை. நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று, "அண்ணா, போயிட்டு வரேன்" என்று மூன்று தடவை சொன்னேன். நீங்கள் கோபத்தில் திரும்பவில்லை என்று நினைத்தேன். நான் சொல்லாமல் போனேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நீங்களும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை.

வருஷக் கணக்காக இரும்புக் குழாயை அறுத்தும் சுத்தியலால் தட்டியும் வேலை பார்த்த காது அண்ணா. உழைத்துக் களைத்திருக்கிறது. இதில் அவமானம் எங்கே வந்தது? தேய்ந்த வாஷரை மாற்ற வெட்கப்படுகிற வீட்டுக்காரரைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதையே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள்.

சுவரைப் பூசித்தான் ஆக வேண்டும் என்றால் பூசுங்கள். உங்கள் வீடு, உங்கள் சுவர். எனக்கு உங்கள் காதுதான் முக்கியம். செடி அடுத்ததுதான்.

உங்கள்
சில்வண்டு


நவம்பர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, இரண்டு பேரிடமிருந்தும் ஒரு வரி இல்லை. நான் எழுதியது அதிகப்படியாகிவிட்டதா? கோபமாக இருந்தால் கோபம் என்றாவது எழுதச் சொல்லுங்கள். தபால்காரர் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டாலே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன்.

சில்வண்டு


டிசம்பர் 14

அன்புத் தங்கை சில்வண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். உன் அண்ணியும் நலம், தோள் வலி இருக்கிறது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன். உன் அண்ணி வாளியோடு பின்னாலேயே வந்து, "நான்தான் ஊத்தினேன்" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வீட்டு ஒழுகலைப் பிடித்தவனுக்கு, என் வீட்டு ஒழுகல் என்னோடு ஒரே பாயில் படுத்திருந்தது தெரியாமல் போய்விட்டது.

கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சிமெண்ட் வேண்டாம் என்று நானே சுண்ணாம்பு குழைத்துப் பூசினேன். செடியைச் சுற்றி ஒரு கை அகலம் விட்டுப் பூசியிருக்கிறேன். "நடுவுல ஓட்டைய விட்டுட்டுப் பூசியிருக்கீங்களே, மறந்துட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஆள் இருக்கிற இடம் என்று சொன்னேன்.

டாக்டரிடமும் போனேன். அதனால்தான் எழுத நாளாயிற்று. போய்விட்டு வந்து எழுதலாம் என்று இருந்தேன். இப்போது இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது. உன் தச்சருக்குச் செருப்புச் சத்தம் கேட்டதாமே, எனக்கு முதலில் கேட்டது உன் அண்ணி. இத்தனை நாள் முணுமுணுத்ததெல்லாம் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. சிலதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். கண்ணாடி வைத்த பீரோவும் வந்து இறங்கிவிட்டது. நான் சரி என்று சொன்னேனாம்.

சுவரை உடைத்த வீட்டுக்குப் போய் நானே ஓடு போட்டுக் கொடுத்தேன். அவர் வீட்டு மாடியில் ஒரு குழாய் ஒழுகியது. காதை வைத்தேன். கேட்டது.

உன் செடி முழுக்கக் காய்ந்து சருகாகிவிட்டது. போய்விட்டது என்றே நினைத்தோம். உன் அண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றுக் காலையில் பார்த்தால், அடியில் பச்சையாக நகக்கண் அளவு ஒன்று சுருண்டு எட்டிப் பார்க்கிறது. தண்ணி காட்டலாமா என்று உன் அண்ணி கேட்டாள். நான் வாளியைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டேன்.

போனில் பேசுங்கள், இப்போதுதான் கேட்குமே என்கிறாள். போனில் வேண்டாம். வாசலில் நின்று மூன்று தடவை சொன்னாயாமே, அதை நான் வாசலில்தான் கேட்க வேண்டும். இந்தத் தடவை வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, போயிட்டு வா என்று சொல்கிறேன்.

அதைச் சொல்வதற்கு நீ முதலில் வர வேண்டும். லீவு போட்டுவிட்டு வா.

உன் அண்ணன்